சிங்கனைத் தேடி வந்தவர்

கோலப்பன்: ...தலைவலின்னா சும்மா தலைவலி இல்ல நர்சம்மா. இந்தக் காதுக்குப் பொறத்த தொடங்கி, அப்பிடியே உச்சியில ஏறி...

ராகேல்: ஆருக்கு அண்ணாச்சி?

கோலப்பன்: பகவதிக்கு. வீட்டுல.

ராகேல்: வாசல்ல நிக்கும்ப "எனக்கு"ன்னியளே.

கோலப்பன்: எனக்கும் கொஞ்சம் உண்டு. ரெண்டு பேருக்குமா ஒரு மாத்திரை தந்தியன்னா...

ராகேல்: ஒரு மாத்திரையை ரெண்டு பேருமா முறிச்சுத் தின்னவா?

கோலப்பன்: ரெண்டு தாருங்க. நீங்க தாறதைத் தாருங்க.

ராகேல்: அந்த நாற்காலியில இருங்க. காப்பி கொண்டு வாறேன். கருப்பட்டிக் காப்பிதான். எங்க வீட்டுல குடிப்பியல்லா?

கோலப்பன்: அதென்ன கேள்வி? எனக்க மவளுக்க பிள்ளையை எடுத்தது இந்தக் கையில்லா. ஊருல எவன் என்ன சொன்னா எனக்கென்ன... ஆமா, கையில என்ன கட்டு?

ராகேல்: கம்பி கீறிச்சு.

கோலப்பன்: எந்தக் கம்பி?

ராகேல்: இரும்புக் கம்பி.

கோலப்பன்: ஓ... சரி சரி... பொறவு... உங்களுக்க அந்தச் சின்ன நாயி, மோலியோ மாலியோ... சுகமா இருக்கா?

ராகேல்: இப்பந்தான் வந்த காரியம் மெதுவா வெளிய வருகு.

கோலப்பன்: சேச்சே. சும்மா கேட்டேன். சனிக்கிழமை சானல்கரையில என்னவோ பிடியும் வலியுமா நடந்துதுன்னு தெருவுல சொன்னாவ.

ராகேல்: கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. அந்தா கெடக்கா. வலது காதுல எட்டுத் தையல் போட்டிருக்கு. மனுசனுக்குப் போடுத நூலுதான். டாக்டரம்மா பாத்தா என்னை வேலையை விட்டே தூக்கிருவா.

கோலப்பன்: நாய்க்குத் தையலா! நர்சம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. நம்ம ஊருல ஆராவது நாயைக் கயித்துல கட்டி, விடியக்காலம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைன்னு கூட்டிட்டுப் போவாவளா? நீங்க நாயை நடத்துதியளா, நாய் உங்களை நடத்துகான்னு கேட்டு ஊரே சிரிக்கு.

ராகேல்: சிரிக்கட்டும். மிஷன் ஆஸ்பத்திரி மிஸ்ஸியம்மா சீமைக்குக் கப்பல் ஏறும்ப இவளுக்க கயித்தை எனக்க கையில தந்துட்டுப் போனா. எனக்கு ஆஸ்பத்திரி வேலை படிப்பிச்சுத் தந்தவ அவ. "வேண்டாம், கொண்டு போ"ன்னு சொல்லவா? இவ நடந்தே பழகினவ. நடத்தல்லன்னா வீட்டுக்குள்ள ஒண்ணுக்கும் போவ மாட்டா, ரெண்டுக்கும் போவ மாட்டா. எனக்க முகத்தையே பாத்துட்டு இருப்பா. இந்த வீட்டுல இவளும் நானுந்தானே. ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்துட்டு எத்தற நேரம் இருக்க?

கோலப்பன்: அதுவுஞ்சரிதான்... அப்பம் சனிக்கிழமை...

ராகேல்: சனிக்கிழமைக்கு முந்தி நடந்ததைக் கேளுங்க. உங்க தென்னந்தோப்பு முடியுத இடத்துல சானல் தண்ணி வளையுகுல்லா? அங்கண மூணு நிக்கும். கருப்பு ஒண்ணு. வெள்ளை ஒண்ணு. நடுவுல கன்னுக்குட்டி தண்டியில செவலை ஒண்ணு.

கோலப்பன்: தெருநாயா இருக்கும்.

ராகேல்: தெருநாயி. ம்.

கோலப்பன்: எனக்க நாய் எல்லாம் தோப்புக்குள்ள கட்டிக் கெடக்கு.

ராகேல்: கெடக்கா?

கோலப்பன்: ...கெடந்துது.

ராகேல்: வயல்காரன் பொன்னுலிங்கத்துக்க கன்னுக்குட்டியைக் கடிச்சப்பவும் இதையேதான் சொன்னிய. அவன் உங்க வீட்டு முற்றத்துல வந்து நின்னு கேட்டான். "எனக்க நாய் இல்ல, போ"ன்னு அனுப்பிட்டிய. இப்பம் அவன் வீட்டுக்காரி பூங்கனி நிறைமாசம். ஆஸ்பத்திரிக்கு சானல்கரை வழியா வந்தா கால் மணி நேரம். அவ உங்க... அந்தத் தெருநாய்க்குப் பயந்து, வயலைச் சுத்தி, ரோட்டைச் சுத்தி, வயித்தைப் பிடிச்சுட்டு வாறா. வழியில வலி வந்தா ஆரு பொறுப்பு?

கோலப்பன்: ...காப்பி நல்லா இருக்கு.

ராகேல்: காப்பி கெடக்கட்டும். சொல்லுங்க.

கோலப்பன்: நான் என்ன சொல்ல? நீங்க மட்டும் எப்பிடி அந்த வழியா தைரியமா போனிய?

ராகேல்: முத நாளு ஓடணும்னுதான் காலு சொல்லிச்சு. ஓடினா விரட்டும்னு தெரியும். அதனால நின்னுட்டேன். மோலிக்க கயித்தைக் கையில சுத்திக் குறுக்கிட்டேன். அவளை எனக்குப் பின்னால ஆக்கினேன். அந்த மூணுக்க கண்ணையும் நேரா பாக்கல்ல. பக்கவாட்டுல திரும்பி நின்னு, வார்டுல சத்தம் போடுத பெண்டுவள அடக்குவேன்லா, அந்தக் குரல்ல "வீட்டுக்குப் போ!"ன்னு ஒரு சத்தம். கருப்பும் வெள்ளையும் அப்பிடியே நின்னுட்டு.

கோலப்பன்: அதுவ ரெண்டும் பாவம் நர்சம்மா. சோத்துக்கு வாலாட்டுத சாதி. தலைவன் எங்க போனானோ அங்க போவும்.

ராகேல்: தெருநாயைப் பத்தி நல்லா தெரிஞ்சு வச்சிருக்கிய.

கோலப்பன்: ...நீங்க சொல்லுங்க. மறுநாளு?

ராகேல்: மறுநாளு குனிஞ்சு கல்லெடுக்குத மாதிரி காட்டினேன். ரெண்டு ஓடிட்டு. அதுக்கடுத்த நாளு குடையைக் கொண்டு போனேன். பக்கத்துல வந்ததும் மூஞ்சிக்கு நேரா "படார்"னு விரிச்சேன். அந்த ரெண்டும் தோப்புக்குள்ள போயி ஒளிஞ்சுட்டு. செவலை மட்டும் நிக்கான். குடையைப் பாக்கான். என்னைப் பாக்கான். பொறவு மெதுவா வழியை விட்டு விலகினான்.

கோலப்பன்: அவன் விலகினானா! உங்களுக்கா?

ராகேல்: ஏன், ஆருக்கும் விலக மாட்டானோ?

கோலப்பன்: எனக்கு... எனக்கென்ன தெரியும்? கேட்டேன்.

ராகேல்: சனிக்கிழமை குடையை மறந்துட்டேன் அண்ணாச்சி. மழைக்காறு இல்ல, வெயிலும் இல்ல, நினைவுக்கு வரல்ல. வளைவு திரும்பினதும் ஒரு குரைப்புகூட இல்லாம வந்தான். குரைச்சுட்டு வாற நாயைச் சமாளிக்கலாம். வாயைத் திறக்காம, தலையைத் தாழ்த்திட்டு வந்தான் பாத்தியளா, அப்பமே எனக்கு விளங்கிட்டு. மோலியைத் தூக்கணும்னு குனியதுக்குள்ள அவளுக்க காதையும் கழுத்தையும் சேத்துக் கவ்விட்டான்.

கோலப்பன்: அய்யோ... கயித்தைப் பிடிச்சு இழுத்தியளா?

ராகேல்: எதுக்க வயல்ல நின்னவன் எல்லாம் "இழு, இழு"ன்னுதான் கத்தினான். இழுத்தா காது கையோட வந்திரும். நான் கயித்தை விட்டேன்.

கோலப்பன்: விட்டியளா?

ராகேல்: விட்டுட்டு அவனுக்குப் பின்னால போனேன். பின்னங்கால் ரெண்டையும் சேத்துப் பிடிச்சுத் தூக்கினேன். ஒத்தச் சக்கர வண்டியைத் தூக்குவாவல்லா, அப்பிடி. தூக்கிட்டுப் பின்னுக்கே நடந்தேன். ரெண்டு காலு அந்தரத்துல நின்னா கடிக்குத நாய்க்கும் பலம் இல்ல. ஆனாலும் அவன் விடல்ல. மோலியும் சேந்தே வருகா. நேரா சானலுக்குள்ள இறங்கிட்டேன்.

கோலப்பன்: சானல்ல தண்ணி நிறையப் போவுகே!

ராகேல்: அதுக்குத்தானே இறங்கினேன். மூக்குல தண்ணி ஏறினதும் வாயைத் திறந்தான். மோலி நீந்திக் கரை ஏறிட்டா. நான் ஆத்தாங்கொடி ஒண்ணைப் பிடிச்சு ஏறினேன். அவனைத் தண்ணி கொண்டு போச்சு.

கோலப்பன்: கொண்டு போச்சா?

ராகேல்: கொண்டு போச்சு.

கோலப்பன்: எதுவரைக்கும்?

ராகேல்: தண்ணி போற வரைக்கும்.

கோலப்பன்: இல்ல நர்சம்மா... சரியாச் சொல்லுங்க. ஒரேயடியாவா? இந்தத் தண்ணி அப்பிடியே ஆத்துல விழுந்து மணக்குடிக் காயலுக்குப் போவும்லா? அங்க கடலு...

ராகேல்: எதுக்கு இத்தற விசாரணை? தெருநாய்தானே?

கோலப்பன்: ஒரு சீவன்லா.

ராகேல்: ஆமா, சீவன்தான். செத்த சீவனுக்கு வேண்டி ஒருத்தராவது அழுதாத்தானே அதுக்கு மதிப்பு. தெருநாய்க்கு ஆரு அழ?

கோலப்பன்: நர்சம்மா...

ராகேல்: சொல்லுங்க.

கோலப்பன்: அது எனக்க நாய்தான்.

ராகேல்: சத்தமா.

கோலப்பன்: எனக்க நாய்தான்! சிங்கன். பகவதிக்க அண்ணன் கைலாசநாதன் மலையில எஸ்டேட்டுல இருக்காரே, அவரு குட்டியா இருக்கும்ப கொண்டு வந்து தந்தாரு. தேங்கா களவு போவுகுன்னு சொன்னேன், அதுக்கு. கையடக்கமா இருந்துது. இந்தத் தண்டிக்கு வளரும்னு ஆரு கண்டா? போதுமா?

ராகேல்: பொன்னுலிங்கத்துக்க கன்னுக்குட்டியைக் கடிச்சது?

கோலப்பன்: அவன்தான்.

ராகேல்: இது போதும். இன்னும் கொஞ்சம் காப்பி விடட்டா?

கோலப்பன்: விடுங்க... அப்பம் சிங்கன்... போயிட்டானா? நிச்சயமா? நான் வீட்டுல போயி... அது என்ன சத்தம்?

ராகேல்: எந்தச் சத்தம்?

கோலப்பன்: உள்ள. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

ராகேல்: மோலியா இருக்கும்.

கோலப்பன்: மோலி இங்க கட்டிலுக்கு அடியில கெடக்கா.

ராகேல்: அப்பம் பூனை.

கோலப்பன்: பூனைக்கு இம்புட்டு தொண்டையா? நர்சம்மா... அது... கதவு அசையுகே...

ராகேல்: சரி, ஒளிச்சு என்ன செய்ய? உங்க குரல் கேட்டிருக்கும். இருங்க, முழுசும் கேளுங்க. மோலியைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு வீட்டைப் பாத்துத் திரும்பிட்டேன். எனக்க சேலை முழுக்க அவ ரத்தம். திரும்பிப் பாக்கப்பிடாதுன்னுதான் நடந்தேன். அப்பம் ஒரு சத்தம். குரைப்பும் இல்ல, ஊளையும் இல்ல. பிரசவ வார்டுல தலைச்சன் பிள்ளைக்காரி நடுவலியில அம்மையைக் கூப்பிடுவா பாருங்க... அது மாதிரி.

கோலப்பன்: சிங்கனா?

ராகேல்: ஒரு காலு மதகுக் கம்பிக்கு இடையில மாட்டிக் கெடக்கு. தலை மட்டும் தண்ணிக்கு மேல. அதுவும் மேல வருகு, உள்ள போவுகு, மேல வருகு...

கோலப்பன்: விட்டுட்டு வந்திருக்கலாம்லா.

ராகேல்: என்ன?

கோலப்பன்: இல்ல... உங்களுக்கு ஆபத்துல்லான்னு சொன்னேன்.

ராகேல்: இருபது வருசமா அந்தச் சத்தம் கேட்டா ஓடிப் போறதுதான் எனக்கு வேலை. காலு தானாத் திரும்பிட்டு. மோலியைக் கரையில ஒரு தென்னையில கட்டினேன். இடுப்புல சொருகியிருந்த துவர்த்துத் துண்டை நனைச்சு அவன் கண்ணை மூடி, வாயையும் சேத்துக் கட்டினேன். கண்ணை மூடினதும் அடங்கிட்டான். ஆனா காலு வரல்ல. கம்பியை நெம்பினேன், எனக்க கைதான் கிழிஞ்சுது. அப்பம் கரையில பொன்னுலிங்கம் மம்பட்டியோட ஓடி வாறான். "விலகுங்க நர்சம்மா, ஒரே போடு, மண்டை ரெண்டாப் போவும்"ங்கான்.

கோலப்பன்: போட்டானா?

ராகேல்: "போடதைப் பொறவு போடலாம் மக்கா, இப்பம் மம்பட்டிக் காம்பைக் கம்பிக்குள்ள குடுத்து நெம்பு"ன்னேன். மம்பட்டியைத் திருப்பிப் பிடிச்சான். பொறவு இறங்கி நெம்பினான். தூக்கிக் கொண்டு வந்து இந்த வீட்டுல போட்டதும் அவன்தான். உங்க நாயை, அவன் கன்னுக்குட்டியைக் கடிச்ச நாயை, அவன் தோள்ல சுமந்தான்.

கோலப்பன்: ...பொன்னுலிங்கமா?

ராகேல்: ஊருல நாலு பேருக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் சொல்லாதியன்னேன், சொல்லல்ல. நீங்களா வரணும், உங்க வாயால "எனக்க நாய்"னு சொல்லணும்னு நினைச்சேன்.

கோலப்பன்: சொல்லிட்டேன்.

ராகேல்: சொல்லிட்டிய.

கோலப்பன்: அப்பம்... உயிரோட... நல்லாத்தான் இருக்கான்?

ராகேல்: காலு முறிஞ்சிருக்கு. மூங்கில் பத்தை வச்சுக் கட்டியிருக்கேன். வெறி கிறி ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கான், சோறு திங்கான், சாளைமீன் தலைன்னா கண்ணு பிதுங்குகு. ஆமா, உங்க வீட்டுல அவனுக்கு என்ன போடுவிய?

கோலப்பன்: வடிச்ச கஞ்சி... என்னமாவது...

ராகேல்: ஆரு போடுவா?

கோலப்பன்: தூரத்துல இருந்து... வச்சிருவோம்.

ராகேல்: எங்க படுப்பான்?

கோலப்பன்: அவனுக்கு இஷ்டம் உள்ள இடத்துல.

ராகேல்: ஆராவது தடவிக் குடுப்பியளா?

கோலப்பன்: சிங்கனையா? தடவியா?

ராகேல்: அதான் பாத்தேன். காதுக்குள்ள உண்ணி, வயித்துல புண்ணு, உடம்பெல்லாம் எலும்பு. முத நாளு கையை வச்சப்பம் உறுமினான். மறுநாளு உறுமிட்டே தலையைக் காட்டினான். ஏன் கேக்கேன்னா... இவனை உங்ககிட்ட சும்மா தூக்கித் தர முடியாது. சில காரியம் இருக்கு.

கோலப்பன்: சொல்லுங்க.

ராகேல்: பொன்னுலிங்கத்துக்க வீட்டுல போயி, நாலு பேரு பாக்க, "எனக்க நாய்தான் கடிச்சுது, தப்பு எனக்கது"ன்னு சொல்லணும்.

கோலப்பன்: நான் போயா? அவன் வீட்டுலயா?

ராகேல்: முடியல்லன்னா முடியல்லன்னு சொல்லுங்க. இப்பமே சொல்லிருங்க.

கோலப்பன்: ...சொல்லுதேன். போயிச் சொல்லுதேன். அவன் சுமந்திருக்கான்லா.

ராகேல்: கருப்பையும் வெள்ளையையும் பகல்ல கட்டணும். சானல்கரைப் பக்கம் வரப்பிடாது.

கோலப்பன்: அதுவ ரெண்டும் சிங்கன் இல்லாம தோப்பு வாசலைத் தாண்டவே இல்ல. நேத்தே கட்டியாச்சு. எனக்க கையாலயே கட்டினேன்.

ராகேல்: ஓ... நல்லது. அடுத்தது, சிங்கனை நீங்களே நடத்தணும். வேலைக்காரனை ஏவப்பிடாது. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கயிறு உங்க கையில. இதே சானல்கரையில, ஊரு பாக்க.

கோலப்பன்: நானா! கோலப்பபிள்ளை நாயைக் கயித்துல கட்டிட்டு... ஊரு சிரிக்கும் நர்சம்மா!

ராகேல்: எனக்குச் சிரிச்ச ஊருதானே. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல்ல. "என்னால ஆவாது நர்சம்மா"ன்னு ஒரு வார்த்தை...

கோலப்பன்: நான் அப்பிடிச் சொல்லுவனா? நடத்துதேன்.

ராகேல்: நடத்துவியளா?

கோலப்பன்: நடத்துதேன்னு சொல்லியாச்சு. விடுங்க.

ராகேல்: இவன் இடி இடிச்சா பயப்படுவான். ராத்திரி பக்கத்துல ஆராவது படுக்கணும்.

கோலப்பன்: பக்கத்துலன்னா... எம்புட்டு பக்கத்துல?

ராகேல்: கையைத் தலையில வைக்குத தூரத்துல. நீங்கதான் படுக்கணும்.

கோலப்பன்: ராத்திரி முழுக்கவா?

ராகேல்: என்ன அண்ணாச்சி, இது கஷ்டம்லா? இதுக்கு நீங்க சம்மதிக்கணும்னு இல்ல.

கோலப்பன்: ...ஒரு குவளை தண்ணி தாருங்க.

ராகேல்: இந்தாங்க. சொல்லுங்க.

கோலப்பன்: படுக்கேன்.

ராகேல்: படுப்பியளா!

கோலப்பன்: படுக்கேன் நர்சம்மா! உயிரோட இருந்தா நாய் இல்லாம வராதியன்னு பகவதி சொல்லி அனுப்பியிருக்கா. நான் வேற என்னத்தைச் சொல்ல?

ராகேல்: சரி... அப்பம் வேற வழியில்ல. மோலியை அடுக்களையில விட்டுட்டு அவனைக் கூட்டிட்டு வாறேன். ரெண்டு பேரும் இன்னும் முழுசா ராசி ஆவல்ல. நேத்து கதவிடுக்கு வழியா அவன் மூக்கை நீட்டினான். இவ ஒரு அதட்டு அதட்டினா. அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டான்.

கோலப்பன்: இன்னைக்கே வேணுமா? காலு முறிஞ்ச சீவன்... அலைக்கழிக்கவா? நாளும் அவ்வளவு நல்லா இல்ல.

ராகேல்: நாயைக் கூட்டிட்டுப் போவ நாளு பாப்பாவளா? எழும்புங்க... சிங்கா! வா மகனே. பைய வா. காலைப் பாத்து.

கோலப்பன்: கயிறு... கயிறு கட்டியிருக்கா?

ராகேல்: எனக்க கையிலதான் இருக்கு. நீங்க ஒண்ணும்... அண்ணாச்சி! கட்டில் மேல எதுக்கு ஏறுதிய?

கோலப்பன்: காலு... காலு மரத்துப் போச்சு.

ராகேல்: மரத்த காலுக்கு இம்புட்டு ஓட்டமா?

கோலப்பன்: கயித்தை ரெண்டு சுத்து சுத்திப் பிடியுங்க! அவன் என்னையே பாக்கான் பாருங்க...

ராகேல்: வாலை ஆட்டுகான் அண்ணாச்சி.

கோலப்பன்: ஆட்டுவான். அப்பிடித்தான் ஆட்டுவான். நீங்க விடாதிய!

ராகேல்: சிங்கா, இரு. இருன்னா இரு. அந்தா, இருந்துட்டான். நான் சேத்துப் பிடிச்சிருக்கேன். இறங்குங்க.

கோலப்பன்: இங்கயே நிக்கேன்.

ராகேல்: அண்ணாச்சி... உங்களுக்கு இவனைக் கண்டா பயமா?

கோலப்பன்: பயமா! எனக்கா? கோலப்பபிள்ளைக்கா?

ராகேல்: கட்டில் ஆடுகு.

கோலப்பன்: ...சிரிக்காதிய நர்சம்மா.

ராகேல்: சிரிக்கல்ல.

கோலப்பன்: வாயைப் பொத்திட்டுச் சிரிக்கிய, எனக்குத் தெரியாதா... ஆமா. பயந்தான். நல்ல பயம். அய்யம்பெருமாள் காவலுக்கு இருந்தது வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அவன் ஒரு சீட்டி அடிச்சா இவன் போயிக் காலடியில படுப்பான். அவன் மவளைப் பாக்கக் களியக்காவிளைக்குப் போனவன் அங்கயே தங்கிட்டான். மறுநாளு சங்கிலியை எடுத்துட்டு நான் பக்கத்துல போனேன். ஒரே ஒரு உறுமல். சங்கிலி அங்க கெடக்கு, நான் வீட்டுக்குள்ள நிக்கேன்.

ராகேல்: அப்பம் "தோப்புக்குள்ள காவலுக்கு அவுத்து விட்டிருக்கேன், எவன் வருவான் பாப்போம்"னு ஊரெல்லாம் சொன்னது?

கோலப்பன்: கட்ட முடியல்லன்னு எப்பிடிச் சொல்ல? நாலு பேருக்குத் தீர்ப்பு சொல்லுதவன் நான். பொன்னுலிங்கம் வந்து நின்னப்பம், "எனக்க நாய்தான்"னு சொன்னா அடுத்த சொல்லு என்ன வரும்? "கட்டிப் போடுங்க"ம்பான். நான் கட்டணும்லா? அதனால எனக்க நாயே இல்லன்னுட்டேன். நீங்க பூங்கனியைச் சொன்னப்பம் எனக்குக் காப்பி இறங்கல்ல நர்சம்மா. ஆனா நான் என்ன செய்ய? எனக்க வீட்டுக்குள்ளயே நான் மாட்டுத்தொழுவு வழியா ஒளிஞ்சு ஏறுதவன். முன்வாசல்ல இவன் படுத்திருப்பான்.

ராகேல்: பகவதியம்மாளுக்குத் தெரியாதா?

கோலப்பன்: மாட்டுக்கு வைக்கோல் போடப் போறேன்னு சொல்லுவேன். நம்பிட்டா. "எங்கண்ணன் ஆசையாத் தந்த நாய், தண்ணியில போச்சுன்னு சொல்லுதாவ, நர்சம்மாகிட்ட போயிக் கேட்டுட்டு வாருங்க"ன்னு பிடிச்சுத் தள்ளினா. அதான் வந்தேன். உண்மையைச் சொல்லட்டா? சனிக்கிழமையில இருந்து நான் முன்வாசல் வழியாத்தான் வீட்டுக்குள்ள ஏறுதேன். நல்லா உறங்குதேன். இவனைக் கூட்டிட்டுப் போவ நான் வரல்ல நர்சம்மா. இனி வர மாட்டான்னு உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்.

ராகேல்: அதான் மணக்குடிக் காயல் வரைக்கும் விசாரிச்சியளோ!

கோலப்பன்: "தண்ணி கொண்டு போச்சு"ன்னு நீங்க சொன்னப்பம் மனசு லேசாச்சு. பொறவு அந்தச் சத்தத்தைப் பத்திச் சொன்னப்பம்... என்னவோ மாதிரி ஆயிட்டு. எனக்க பயத்துல ஒரு சீவனைப் பட்டினி போட்டு, கடிக்குதவனா ஆக்கி வச்சிருக்கேன்லா. சரி, விடுங்க. வாக்கு குடுத்தாச்சு. நான் இறங்குதேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க... இல்ல, பக்கத்துலயே நில்லுங்க. கயித்தைத் தாருங்க. பொன்னுலிங்கத்துக்க வீட்டுக்கு முதல்ல போறேன். பொறவு வீட்டுக்கு. தாருங்க.

ராகேல்: பொன்னுலிங்கத்துக்க வீட்டுக்குப் போங்க. அது மாறப்பிடாது.

கோலப்பன்: மாறாது. கயிறு?

ராகேல்: தரல்ல.

கோலப்பன்: என்னது?

ராகேல்: கயித்தைத் தர மாட்டேன் அண்ணாச்சி. ஊரு பாக்க நடத்தணும்னேன், பக்கத்துல படுக்கணும்னேன். ஏதாவது ஒண்ணுக்கு "என்னால முடியாது, நீங்களே வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லுவிய, சொல்லுவியன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க பாட்டுக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினா நான் என்ன செய்ய? நேத்தே வடசேரிக்குப் போயி இவன் கழுத்துக்குத் தோல் பட்டை வாங்கிப் போட்டாச்சு. நீங்க கட்டில்ல ஏறுத அவசரத்துல அதைப் பாக்கல்ல.